வேடியப்பனுக்கு ஒரு பெயர் இருந்தது

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டான். அவன் அரசனும் அல்ல, ஊரை ஆண்டவனும் அல்ல. பொற்றொக்கையார் என்பவரிடம் இருந்த சேவகன். அவனோடு ஒரு நாய் இருந்தது, பெயர் கோவிவன். வந்த கள்ளர்களில் இருவரைக் கடித்து அது காவல் நின்றிருக்கிறது. ஊர் அவனுக்கும் அதற்கும் சேர்த்து ஒரே கல்லை நட்டது. கல்லில் ஆளின் உருவமும் நாயின் உருவமும் இருக்கின்றன. இரண்டு பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன.

ஓர் ஊர் தன் நன்றியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. எந்த அரசன் காலம், செத்தவன் யார், யாருடைய ஆள், எதைக் காக்கச் செத்தான், கூட நின்றது எது என்று ஒன்றையும் அந்தக் கல் விடவில்லை.

அதே வட்டாரத்தில் அதே போல நடப்பட்ட கற்களில் பல இன்று வேடியப்பன். செங்கம், ஊத்தங்கரை, அரூர்ப் பக்கமெல்லாம் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் கொல்லை மேட்டிலும் வில்லோ வாளோ பிடித்த கல் ஒன்று நிற்கும். எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். எதிரே மண்குதிரைகள் நிற்கும். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், பிள்ளைக்கு வேடியப்பன் என்று பெயர் வைப்பார்கள். மாட்டுக்கு நோய் வந்தாலும் மழை தவறினாலும் அந்தக் கல்லிடம்தான் முறையிடுவார்கள். ஆனால் அந்த வேடியப்பன் யாராக இருந்தான், எந்த நாளில் யாருக்காக விழுந்தான் என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் கிடைக்காது.

மனிதன் செய்த ஒன்றைத் தெய்வம் செய்ததாக மாற்றிக்கொண்டு கும்பிடும் இந்த வழக்கத்தை எப்படி மதிப்பிடுவது? பகுத்தறிவு பேசுகிறவர்கள் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். நாட்டார் வழக்காற்றைக் கொண்டாடுகிறவர்கள் அதில் ஒரு குறையும் காண மாட்டேன் என்கிறார்கள். இரண்டு தரப்புமே அந்தக் கல்லுக்கு முன்னால் போதுமான நேரம் நிற்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதலில், இங்கே ஏன் இத்தனை கற்கள்? நிலத்தின் அமைப்பு ஒரு காரணம். ஜவ்வாது மலைக்கும் அதற்குத் தெற்கே உள்ள மலைகளுக்கும் இடையில் செங்கம் கணவாய் திறந்து கிடக்கிறது. மேற்கே தகடூர் நாட்டுக்கும் கிழக்கே தொண்டை நாட்டுக்கும் போகிறவர்களுக்கு அது முக்கியமான வழி. பல்லவர், கங்கர், வாணர் என்று அதிகாரங்கள் உரசிக்கொண்ட எல்லை அது. அங்கே மக்களின் செல்வம் என்பது ஆநிரை. கல்வெட்டுகள் அதைத் தொறு என்கின்றன. எல்லை கடந்து தொறுவை ஓட்டிக்கொண்டு போவதும், விரட்டிப்போய் மீட்பதும் அடிக்கடி நடந்தன. மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் எழுந்தது.

இந்த வழக்கம் பல்லவர் காலத்துக்கும் முந்தியது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் இதே நிலத்தின் பாட்டு. ஜவ்வாதில் பிறக்கும் சேயாறு அதில் ஓடுகிறது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழிசொல்லும்போது, கிளைவழிகள் தோறும் வீரர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள் பல இருக்கும், அவற்றின் முன் உங்கள் இசையை எழுப்பிவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். அந்த மரியாதையில் கேட்டுப் பெறுவது எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லில் பெயர் இருக்கிறது, வழிப்போக்கன் படிக்கிறான், தன்னிடம் உள்ள கலையை அங்கே வைத்துவிட்டு நடக்கிறான்.

இந்தக் கட்டத்தில் நடுகல் மரபு மனித முயற்சியை மதிக்கும் மிக நேர்த்தியான முறைகளில் ஒன்றாக இருந்தது. அதன் பெரிய பலம், அது பிறப்பைப் பார்க்கவில்லை என்பது. சேவகனுக்கும் கல் உண்டு, நாய்க்கும் இடம் உண்டு. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சேவற்போரில் இறந்த கோழிக்கே பழைய எழுத்தில் ஒரு கல் இருக்கிறது. அரசன் பெயர் காலத்தைக் குறிக்க மட்டும் மேலே வரும். கல் யாருக்கு என்றால் செத்தவனுக்குத்தான். தன் பெயரைக் குடைவரைகளில் வெட்டிவைத்த மகேந்திரவர்மன், எடுத்தனூரில் ஒரு சேவகனுக்கு நாள்காட்டியாக நிற்கிறான்.

பிறகு என்ன நடந்தது? எழுத்து மாறியது. செங்கம் நடுகற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் உள்ளவை. வட தமிழகத்தில் வட்டெழுத்து வழக்கொழிந்து, நாம் இன்று எழுதும் எழுத்தின் மூதாதை ஆட்சிக்கு வந்தபோது, கற்கள் பேசுவதை நிறுத்திவிட்டன. எழுதியவனின் கொள்ளுப்பேரன் வந்து நின்றாலும் அவனால் படிக்க முடியாது. எனவே பெயர் மறந்துபோனதற்கு ஊராரைக் குற்றம்சொல்வது நியாயமே இல்லை. படிக்க முடியாமல் போன பிறகும் அவர்கள் அந்தக் கல்லைக் கைவிடவில்லை என்பதுதான் பெரிய செய்தி. யாருக்கு என்பது தெரியாவிட்டாலும், இந்த இடத்தில் நாம் யாருக்கோ கடன்பட்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவர்களிடம் தங்கிவிட்டது. அந்த நினைப்புக்கு ஒரு முகம் வேண்டும். வேடியப்பன் அந்த முகம்.

இந்த வழிபாடு செய்த உதவியைக் குறைத்துப் பேசவே கூடாது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தைத் துருவி, 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. தமிழக வரலாற்றுக்கு, குறிப்பாகப் பல்லவர் காலத்துக்கு, அந்தக் கற்கள் கொடுத்த தகவல் கொஞ்சமல்ல. அந்த அறிஞர்கள் போய்ப் படிப்பதற்குக் கல் அங்கே இருந்ததே, அது யாரால்? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதைத் துணி துவைக்கவோ வாசற்படியாகப் போடவோ மதகுக்கு அடைக்கவோ ஒருவரும் துணியவில்லை. துணியாததற்குக் காரணம் பயமும் பக்தியும். கும்பிடப்படாத கற்கள் பல ஊர்களில் சுவரிலும் கரையிலும் காணாமல் போயிருக்கின்றன. சட்டமோ வேலியோ காவலாளோ இல்லாத காலத்தில் இந்த ஆவணங்களைக் காப்பாற்றியது சாமி என்ற எண்ணம்தான்.

ஆனால் காப்பாற்றிய அதே கைதான் எழுத்தின் மேல் எண்ணெயையும் சுண்ணாம்பையும் பூசியது. நான் சொல்ல வந்த குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கல் பிழைத்தது, ஆள் தொலைந்தான்.

ஆள் தொலைந்தால் என்ன, மரியாதை இருக்கிறதே என்று கேட்கலாம். மரியாதையின் தன்மையே மாறிவிடுகிறது என்பதுதான் சிக்கல். செத்த மனிதனுக்கு முன்னால் நின்றால் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. அவன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டான். நாம் செய்யக்கூடியது நினைப்பதும், அவன் செய்ததில் ஒரு பங்கையாவது நாமும் செய்ய முயல்வதும்தான். தெய்வத்துக்கு முன்னால் நிற்கும்போது நிலைமை தலைகீழ். இனிமேல் என்ன தருவாய் என்பதுதான் முதல் பேச்சு. கிடா வெட்டுவது நேர்த்திக்கடன் ஆகிறது. போன வருடம் மாடு பிழைத்ததற்குக் கூலி, வரும் வருடத்துக்கு முன்பணம். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் பாருங்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று காதைகள் வரிசையாக வந்து, கடைசியில் வரந்தரு காதையில் முடிகின்றன. நீதி கேட்டு ஊரை எரித்த பெண், வரம் கொடுக்கும் பத்தினியாகிறாள். கண்ணகிக்காவது அவள் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு காப்பியம் வாய்த்தது. எல்லைக் காட்டில் எருமைக்காகச் செத்தவனுக்குக் காப்பியம் கிடையாது. இருந்தது நாலு வரி வட்டெழுத்து.

இன்னொரு இழப்பும் உண்டு. மனிதன் செய்தான் என்று தெரிந்தால், மனிதனால் முடியும் என்று தெரியும். ஜவ்வாது மலையிலும் அதைப் போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைக் கிராமங்களிலும் பளபளவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைத் திரட்டி வைத்துப் பிள்ளையாராகக் கும்பிடுகிறார்கள். சேர்வராயன் மலையில் இதை நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் புட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதினார். அவை காட்டைத் திருத்தி முதல் வெள்ளாமை செய்த கைகளின் கருவிகள். அடிவாரத்தில் திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் அந்தக் காலத்து மக்கள் விளைவித்த கொள்ளும் பயறும் கரிந்த மணிகளாகக் கிடைத்தன. இன்றைக்கும் இந்த மலைச்சரிவில் கொள்ளு விதைக்கிறவர்களின் தொழில்முன்னோர் அவர்கள். அந்தக் கோடரியைக் கடவுளாக்கும்போது கருவி பத்திரமாக இருக்கிறது. அதைத் தேய்த்தவனும் அவன் கண்டுபிடித்த உழவும் கணக்கில் வராமல் போகின்றன. பெருங்கற்காலத்துக் கல்லறைகளைப் பாண்டவர் வீடு என்றும், வாலியர் என்ற குள்ளர்கள் கட்டியது என்றும் சொல்வதும் இதே போக்கு. இவ்வளவு பெரிய பலகைக் கல்லைத் தூக்கி நிறுத்தியது நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று நம்ப மனம் தயங்குகிறது. கதை அழகாக இருக்கிறது. அந்த உழைப்பு யாருடையது என்பது அதில் இல்லை.

மலையை விட்டு இறங்கினால் இந்த வழக்கம் வேறு வேறு உருவம் எடுத்திருக்கிறது. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். 1790களில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அடைமழை இரவில் ஏரிக்கரை உடையாதிருக்க வேண்டிக்கொண்டதாகவும், ராம லட்சுமணர் வில்லோடு கரையில் நிற்பதைக் கண்டதாகவும், அதற்கு நன்றியாகத் தாயார் சன்னதியைத் திருப்பணி செய்ததாகவும் கோவில் வரலாறு சொல்கிறது. அந்தத் தருமம் அவருடையது என்று கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். ராமரின் பெயர் இருக்கிறது, துரையின் பெயர் இருக்கிறது. ஏரிக்கரை என்பது வருடந்தோறும் மண் சுமந்து, உடைப்பெடுத்த இடத்தை அடைத்து, மதகைப் பார்த்துக் காக்கப்படுவது. அதைச் செய்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. நம்பிக்கையைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. நன்றியின் கணக்கில் இரண்டு பேர் ஏறும்போது இரண்டாயிரம் பேர் இறங்கிவிடுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர் தெரிந்த மனிதனையே கும்பிட்டால் இந்தக் குறை தீருமா? கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கும் சான்று இருக்கிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிமுடித்த ஜான் பென்னிகுயிக்கின் படம் தேனி மாவட்டத்துக் கடைகளிலும் வீடுகளிலும் சாமி படங்களோடு இருக்கிறது. பாலார்பட்டியில் அவருக்குத் தைப்பொங்கலன்று பொங்கல் வைக்கிறார்கள். வேடியப்பனிடம் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: யாருக்கு, எதற்காக என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற, ஆவணம் தாங்காத கதை அவரைச் சுற்றி வளர்ந்துவிட்டது. காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்ட கூலியாட்களோ அந்த ஒளியில் மங்கிவிட்டார்கள். ஒருவரைத் தெய்வமாக்கும்போது அவருடன் உழைத்தவர்கள் பரிவாரமாகக்கூட எஞ்சுவதில்லை. அணையைக் கட்டியது பொறியாளரின் மூளையும் ஆயிரக்கணக்கானவர்களின் முதுகும். படத்தில் மீசை வைத்த ஒரு துரைதான் இருக்கிறார்.

ஜவ்வாது மலைக்கே திரும்பினால், காவலூர் வானாய்வகம் பெயர் சொல்லி நன்றி காட்டும் வேறொரு முறைக்கு எடுத்துக்காட்டு. 1960களின் இறுதியில் அந்த இடத்தைத் தேர்ந்து வளர்த்த வானியலாளர் வைனு பாப்பு, பெரிய தொலைநோக்கி முடிவதைப் பார்க்காமல் 1982இல் இறந்தார். 1986 ஜனவரியில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள். இங்கே யாரும் அவரிடம் வரம் கேட்பதில்லை. அவர் விட்ட வேலையைத் தொடர்கிறார்கள். நன்றியின் மிகச் சரியான வடிவம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கும் தலைமைக்கு மட்டும்தான் பெயர் என்ற குறை இல்லாமல் இல்லை.

பழைய நடுகல்லையே குறையற்றதாகக் காட்டிவிட்டு, எல்லாக் குற்றத்தையும் பின்னால் வந்த பூசையின் மேல் போடுவதும் தப்பு. கல்லை வெட்டிய தச்சன் யார்? எழுதியவன் யார்? பெரும்பாலும் தெரியாது. அதைவிடப் பெரியது, எந்த முயற்சிக்குக் கல் என்பதில் அந்தச் சமூகம் வைத்த அளவுகோல். ஆயுதம் ஏந்திச் செத்தால் கல் உண்டு. பேறுகாலத்தில் செத்த பெண்ணுக்கு இல்லை. தொறுவை ஆயுள் முழுவதும் மேய்த்துக் கிழவனாகிச் செத்தவனுக்கு இல்லை. பெண்ணுக்குக் கல் நட்டபோதும் பெரும்பாலும் கணவனோடு தீயில் இறங்கியதற்காகவே நட்டார்கள். அதை நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அளவுகோல் இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல் துறை. ஜவ்வாது மலையாட்களும் அவர்களில் இருந்தார்கள். சாமை விதைத்த மானாவாரி நிலம் வருடம் முழுவதும் சோறு போடாத மலையிலிருந்து, தரகர் சொன்ன கூலியை நம்பிப் போகிறவர்கள் அவர்கள். பழைய நாளில் ஆநிரையைக் கவரப் போய் விழுந்தவனுக்கும் அவன் ஊர் கல் நட்டது, மீட்கப் போனவனுக்கும் அவன் ஊர் நட்டது. எதிர்த் தரப்புக்கு அவன் கள்வனாக இருந்தாலும், தன் ஊருக்கு அவன் யாருக்காகப் போனான் என்பதுதான் கணக்கு. குடும்பத்தின் உலைக்காகப் போனவனை நாம் செய்தியில் கடத்தல்காரன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். செம்மரம் வெட்டுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவன் உழைப்பும் வறுமையும் எந்தக் கல்லிலும் ஏறாமல், பெயரும் இல்லாமல், தெய்வமாகவும் ஆகாமல் போவது வேடியப்பனுக்கு நேர்ந்ததைவிடக் கொடிது.

சரி, இருக்கிற கற்களை என்ன செய்வது? அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது ஒரு வழி. தருமபுரியிலும் சென்னையிலும் அப்படிப் போன நடுகற்கள் அழகாக வரிசையில் நிற்கின்றன. கைவிடப்பட்டு உடையும் நிலையில் உள்ள கல்லுக்கு அது சரி. பூசை நடக்கும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதை நான் ஒப்ப மாட்டேன். அப்போது பெயர் திரும்பக் கிடைக்கும், ஊர் தொலைந்துபோகும். படித்த பெயரை ஊருக்கே திரும்பக் கொடுப்பதுதான் நல்லது. அறிஞர்கள் படித்து நூலாக்கியது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அந்தத் தகவல் நூலகத்தில் இருக்கிறது, கல்லுக்குப் பத்தடி தள்ளிப் பொங்கல் வைக்கும் அம்மாவிடம் இல்லை. கல்வெட்டு ஆய்வாளர்களிடம் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இது. ஊரின் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டு, ஊருக்குச் சொல்லாமல் நூலுக்கு மட்டும் சொன்னோம்.

பெயரைச் சொன்னால் சாமியின் சக்தி குறைந்துவிடும் என்று ஊர் பயப்படுமா? பயப்படலாம். பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறவர்களைப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று படுகிறது. பூசாரி ஆராதனையின்போது வேடியப்பா என்று அழைப்பதோடு கல்லில் உள்ள பெயரையும், எந்தத் தொறுவுக்காக அவன் நின்றான் என்பதையும் சொல்லலாம். நம்பிக்கை உள்ளவர் கும்பிட்டுக்கொள்ளட்டும், இல்லாதவர் பெயரை மட்டும் கேட்டுக்கொள்ளட்டும்.

கல்லைப் படித்துச் சொல்லும் இந்த வேலையை வெளியிலிருந்து போகிறவர்கள் செய்வதைவிட மலைப் பிள்ளைகள் செய்வது மேல். ஜவ்வாது மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வட்டெழுத்து கற்பது கடினமான வித்தை அல்ல. ஆர்வமுள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சில வாரங்களில் பிடிபடும். கல்லெழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுக்கத் தேவையானது தாளும் மையும் தூரிகையும் பொறுமையும்தான். கல்லில் கைவைக்கும் முன் ஊர்க்கவுண்டரிடமும் பூசாரியிடமும் உத்தரவு கேட்க வேண்டும். பூசைக்காக எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் கல்லைச் சுத்தம் செய்யும் நாளே அதற்கு ஏற்றது. எழுத்து அப்போதுதான் வெளியே தெரியும், ஊரும் அப்போதுதான் கூடியிருக்கும். படித்ததை அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துவிட்டு, மஞ்சள் பூசுகிறவர்களுக்கு வழிவிடலாம்.